ராஸ் தீவு மான்களா, நெடுந்தீவுக் குதிரைகளா?

அந்தமானில் ராஸ் தீவு (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு), இலங்கையின் யாழ்ப்பாணப் பக்கம் நெடுந்தீவு: கொண்டுவந்தவர்கள் போய்விட, விலங்குகள் தங்கிவிட்ட இரண்டு தீவுகள். ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எது?

போய்ச் சேர: ராஸுக்கு போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சிறிது நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். அலை இருந்தால் வயிறு கலங்கும்.

சுற்ற: ராஸை நடந்தே பார்த்துவிடலாம். நெடுந்தீவு பெரிது, நிழல் குறைவு. ஆட்டோ பிடிப்பதே நல்லது.

விலங்குகள்: ராஸில் ஆங்கிலேயர் வேட்டைக்காக விட்ட புள்ளிமான்களின் வழித்தோன்றல்கள். 1941 நிலநடுக்கம், 1942இல் ஜப்பானியப் படை, அதோடு ஆங்கிலேயர் வாழ்வு முடிந்தது. இன்று கூரையில்லாத தேவாலயச் சுவர்களை ஆலவேர்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பக்கத்திலேயே மான் காது மடக்கிப் படுத்திருக்கும். பயமே இல்லை.

நெடுந்தீவில் போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகள் காட்டுக்குதிரைகளாகிவிட்டன. அங்கே இன்னும் நம் சனங்கள் வாழ்கிறார்கள், பவளக்கல் வேலிகளுக்கு நடுவே. குதிரைகள் தள்ளியே நிற்கும், நெருங்கினால் நகர்ந்துவிடும். வறட்சியில் தண்ணீரின்றி அவை சாவதுண்டு. விலா எலும்பு தெரிய நிற்பதைப் பார்க்க மனசு கேட்காது.

குழந்தைகள், வயதானவர்களோடு அரைநாள்தான் என்றால் ராஸ். கால்வலி பொறுத்து, ஊர்க்காரர்களிடம் நாலு வார்த்தை பேசி, திறந்த வெளியில் குதிரை பார்க்க ஆசையென்றால் நெடுந்தீவு. எனக்கு நெடுந்தீவுதான். கோடையைத் தவிருங்கள், அப்புறம் காலைப் படகிலேயே ஏறிவிடுங்கள்.