மிக வெளிர்ந்த சருமத்துக்கு ஃபவுண்டேஷன்: கடைசி ஷேடா, வெள்ளைத் துளியா, கொரிய 13-ஆ?

கறுத்த நிறத்துக்கு ஃபவுண்டேஷன் ஷேடு கிடைக்காது என்பது நமக்குப் பழகிப்போன புலம்பல். மறுமுனையிலும் அதே புலம்பல் உண்டு. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துச் செந்தலைக்காரர்கள், அல்பினிசம், அதாவது பிறவியிலேயே நிறமிக் குறைபாடு உள்ளவர்கள் (நம்மவர்களும் சேர்த்துத்தான்) எல்லாரும் கடை அலமாரியின் ஆக வெளிர்ந்த பாட்டிலை எடுத்துப் பூசுவார்கள். தாடைக்குக் கீழே கழுத்து வேறு நிறத்தில் தெரியும்.

முதல் வழி, பெரிய பிராண்டுகளின் கடைசி, அதாவது ஆக வெளிர்ந்த ஷேடு. எஸ்டீ லாடர் டபுள் வேரின் 0N1 அலபாஸ்டர், நார்ஸின் சைபீரியா போன்றவை. 2017-இல் ஃபென்டி பியூட்டி ஒரே வீச்சில் 40 ஷேடுகளோடு வந்தபோது பேச்செல்லாம் கருமை நிறங்களைப் பற்றித்தான். வெளிர் முனையில் இருந்தவர்களுக்கும் அதில் லாபம் இருந்தது. இந்த வழியில் கலக்கும் வேலை இல்லை, தினமும் ஒரே நிறம் வரும். அது பெரிய சௌகரியம்தான்.

ஆனால் குறியீடுகளை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. எஸ்டீ லாடரில் C என்றால் குளிர், அதாவது இளஞ்சிவப்புச் சாயல். மேக் (MAC) பிராண்டில் NC என்பது மஞ்சள் சாயல் உள்ளவர்களுக்கு, NW என்பதுதான் இளஞ்சிவப்புக்கு. அங்கே C எடுத்தவர் இங்கே NC எடுத்தால் கதை கந்தல்.

இன்னொரு பொறி: வெளிர்ந்த சருமத்தில் கன்னமும் மூக்கும் எளிதில் சிவக்கும். அதைப் பார்த்து 'எனக்குப் பிங்க் அண்டர்டோன்' (சருமத்தின் அடிச்சாயல்) என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கழுத்தைப் பாருங்கள், அங்கே மஞ்சளோ நடுநிலையோ இருக்கலாம். ஷேடு கழுத்தோடுதான் பொருந்த வேண்டும். கன்னச் சிவப்பை மறைப்பது கன்சீலர் என்ற திட்டு மறைக்கும் பூச்சின் வேலை.

இரண்டாவது வழி வெள்ளைத் துளி. இருக்கும் ஃபவுண்டேஷனில் வெள்ளையைக் கலந்து வெளுப்பாக்குவது. இல்லமாஸ்குவாவின் ஸ்கின் பேஸ் 01 அப்பட்டமான வெள்ளை. எல்.ஏ. கேர்ல் பிராண்டின் மலிவான வெள்ளைக் குழாயும் இருக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் கண்டிஷனோடு.

ஃபவுண்டேஷனில் வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடு, மற்ற நிறங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். நீங்கள் வெள்ளையைச் சேர்க்கும்போது நிறத்தின் அடர்த்தி குறைகிறதே தவிர, சாயல் திருந்துவதில்லை. ஆரஞ்சு அடிக்கும் ஃபவுண்டேஷன் வெளிர் ஆரஞ்சாகத்தான் மாறும். அதற்கு நீலத் துளி மிக மிகக் கொஞ்சமாக வேண்டும். ஆகவே சாயல் சரியாக இருந்து, அடர்த்தி மட்டும் ஒன்றிரண்டு படி கூடுதலாக இருக்கும் பாட்டிலுக்கே இந்த வைத்தியம் பலிக்கும். கை தாராளமாகிவிட்டால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்தான்.

அப்புறம், சிலிகான் அடிப்படையிலான ஃபவுண்டேஷனில் தண்ணீர் அடிப்படையிலான துளியைக் கலந்தால் முகத்தில் திரிதிரியாகப் பிரியும். பாட்டிலுக்குள் ஊற்றாமல், ஒவ்வொரு முறையும் புறங்கையில் வைத்துக் கலப்பதே பத்திரம்.

மூன்றாவது வழியான கொரிய 13 பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொரிய பிராண்டான மிஷாவின் பிபி க்ரீம்களில் (க்ரீமும் ஃபவுண்டேஷனும் கலந்த மாதிரியான பூச்சு) 13, 21, 23 என்று எண்கள், 13 வெளிர்ந்தது. விலை கையைக் கடிக்காது, மேலே SPF 42 (வெயில் பாதுகாப்பு எண்) என்றும் போட்டிருக்கிறது. ஆனால் இந்த வகைப் பிபி க்ரீம்களில் ஒரு சாம்பல் சாயல் உண்டு. சிவந்த கன்னத்தை அது அடக்கும், மஞ்சள் சாயல் சருமத்தில் களைப்புக் காட்டும். காகிதம் போல வெளுத்தவர்களுக்கு 13-உம் அடர்த்தியாகப் படலாம்.

யாரும் அதிகம் சொல்லாத நான்காவது வழி, குறைவாகப் பூசுவது. பூச்சு மெலிசாக இருந்தால் ஷேடு அரைப்படி தப்பினாலும் வெளியே தெரியாது. பேர்மினரல்ஸின் ஃபேர் 01 போன்ற பொடியைப் பிரஷ்ஷில் தொட்டுத் தட்டிவிட்டுச் சுழற்றினால் பல முகங்களுக்கு அதுவே போதும். வறண்ட சருமத்தில் மட்டும் பொடி செதிலைக் காட்டிக்கொடுக்கும், அங்கே வேண்டாம்.

எதை எடுத்தாலும் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சருமத்தின் எண்ணெயில் ஊறினதும் பல ஃபவுண்டேஷன்கள் ஒரு படி கறுக்கும், வெளிர்ந்த முகத்தில் அந்த ஒரு படியே பளிச்சென்று தெரியும். கல்யாண போட்டோ என்றால் ஃபிளாஷ் அடித்தும் பார்த்துவிடுங்கள். டைட்டானியம் டையாக்சைடு அதிகமானால் படத்தில் முகம் மட்டும் வெள்ளையடித்துப்போகும், அந்த ஆபத்து வெள்ளைத் துளிக்காரர்களுக்கே கூடுதல்.

பாட்டிலில் SPF போட்டிருக்கிறதே என்று சன்ஸ்க்ரீனை விட்டுவிடவும் வேண்டாம். சருமம் வெயிலை எப்படித் தாங்கும் என்று வகை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில், முதல் வகை என்பது வெயில் பட்டால் எப்போதும் வெந்து சிவக்கும், கறுக்காது என்ற சருமம். SPF எண்ணைச் சோதிப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில். அவ்வளவு தடிமனாக யாரும் ஃபவுண்டேஷன் பூசுவதில்லை.