கிரிஸ்-கிராஸ் முறை: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு புகார்

ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: அயனிச் சேர்மங்களுக்கு (மின்சுமை உள்ள அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள் சேர்ந்தவை) வேதி வாய்ப்பாடு எழுத கிரிஸ்-கிராஸ் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதுமா? ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன். முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேர் அயனி இடப்பக்கம், எதிர் அயனி வலப்பக்கம். இதன் இணைதிறனை (அயனியின் மின்சுமை எண்ணை) அதற்கும் அதன் இணைதிறனை இதற்கும் கீழே இறக்க வேண்டும். 1 வந்தால் எழுத வேண்டாம், பொது வகுஎண் இருந்தால் சுருக்க வேண்டும். (குறியீடுகளை வகுப்பில் உச்சரிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.)

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அலுமினியத்துக்கு 3, ஆக்சைடுக்கு 2. குறுக்கே இறக்கினால் ஏஎல்₂ஓ₃. கால்சியத்துக்கு 2, பாஸ்பேட்டுக்கு 3, சிஏ₃(பிஓ₄)₂. சரிபார்ப்பதும் சுலபம்: மூன்று கால்சியத்துக்கு 6 நேர்மின்சுமை, இரண்டு பாஸ்பேட்டுக்கு 6 எதிர்மின்சுமை, கூட்டினால் சுழி. இணைதிறன் பட்டியல் மனப்பாடமாக இருக்கிற பிள்ளை கடகடவென எழுதிவிடும். தேர்வுக்கு இது போதும்.

என் எரிச்சலெல்லாம் கடைசிப் படியில்தான். 'சுருக்கு' என்கிற அந்த ஒற்றைச் சொல்.

மெக்னீசியத்துக்கு 2, ஆக்சைடுக்கு 2. குறுக்கே இறக்கினால் எம்ஜி₂ஓ₂, சுருக்கினால் எம்ஜிஓ. காரீயம் 4, ஆக்சைடு 2 என்றால் பிபி₂ஓ₄, சுருக்கினால் பிபிஓ₂. விடை சரி. ஆனால் ஏன் சுருக்க வேண்டும் என்பதை இந்த முறை சொல்வதே இல்லை. சமையல் உப்பில் தனித்தனி மூலக்கூறு கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று படிகம் முழுக்க நீள்கிறது. வாய்ப்பாடு காட்டுவது எந்த அயனி எத்தனைக்கு எத்தனை என்ற விகிதத்தை. அதனால்தான் சுருக்கலாம். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் கையில் அழிப்பானை மட்டும் கொடுத்தால், பிள்ளைகள் கண்ணில் படுகிற எல்லா எண்களையும் அழிக்கிறார்கள்.

சோடியம் பெராக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஏ₂ஓ₂ என்பதே சரி. இரண்டையும் இரண்டால் வகுத்து என்ஏஓ என்று எழுதினால் பெராக்சைடு அயனியே போய்விடுகிறது. அங்கே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இரண்டும் சேர்ந்துதான் 2 எதிர்மின்சுமையைச் சுமக்கின்றன. பாதரசக் குளோரைடுகளில் ஒன்றான கலோமெல்லும் இப்படித்தான்: எச்ஜி₂சிஎல்₂. மெர்க்குரஸ் அயனியில் இரண்டு பாதரச அணுக்கள் பிணைந்து, மொத்தமாக 2 நேர்மின்சுமை. ஒற்றைப் பாதரச அயனியாக இருந்தால் அதில் ஒரு தனித்த எலக்ட்ரான் இருக்கும், சேர்மம் காந்தப்புலத்தால் ஈர்க்கப்படும். கலோமெல் டயாகாந்தப் பொருள், ஈர்க்கப்படுவதில்லை. சுருக்கி எழுதினால் இந்த உண்மை முழுதும் தொலைந்துவிடும். சோடியம் ஆக்சலேட்டையும் (என்ஏ₂சி₂ஓ₄) இதே மாதிரி என்ஏசிஓ₂ என்று ஆக்கிவிடுகிறார்கள். சோடியம் சல்பேட்டில் 2-ஐயும் 4-ஐயும் பார்த்துவிட்டு என்ஏஎஸ்ஓ₂ என்று எழுதுவது இன்னும் மோசம். அதில் விகிதம்கூட மிஞ்சவில்லை.

தீர்வு எளிது, ஆனால் முறையோடு சேர்ந்து வருவதில்லை. பல அணுக்கள் சேர்ந்த அயனி எதுவானாலும் முதலிலேயே அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிறகு குறுக்கே இறக்குங்கள். குறிக்கு வெளியே இருக்கும் எண்களை மட்டும் சுருக்குங்கள். கடைசியில், வெளியே 1 என்றால் குறியை எடுத்துவிடுங்கள். மெக்னீசியம் சல்பேட் இப்படிப் போகும்: எம்ஜி₂(எஸ்ஓ₄)₂, எம்ஜி(எஸ்ஓ₄), எம்ஜிஎஸ்ஓ₄. பெராக்சைடும் என்ஏ₂(ஓ₂) என்றே தொடங்கும். வெளியே இருப்பது 2-ம் 1-ம், சுருக்க ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் எண் அந்த அயனியின் உடம்பு. அதில் கை வைக்கக் கூடாது.

அடைப்புக்குறியை விட்டால் இன்னொரு சேதமும் உண்டு. நீற்றிய சுண்ணாம்பு சிஏ(ஓஎச்)₂, அதன் வாய்ப்பாட்டு நிறை 74. குறி இல்லாமல் சிஏஓஎச்₂ என்று எழுதினால் ஓர் ஆக்சிஜன் காணாமல் போய், நிறை 58 என்று வரும். அதை வைத்துச் செய்யும் மோல் (பொருளின் அளவு) கணக்கு மொத்தமும் பாழ். அம்மோனியம் சல்பேட்டைக் குறியில்லாமல் எழுதினால் 4-ம் 2-ம் ஒட்டிக்கொண்டு, நாற்பத்திரண்டு ஹைட்ரஜன்! நைட்ரேட்டில் உள்ள 3-ஐயும் அம்மோனியத்தில் உள்ள 4-ஐயும் இணைதிறன் என்று நினைத்து இறக்குகிறவர்களும் உண்டு. இரண்டுக்குமே இணைதிறன் 1.

சுருக்குவதன் அடுத்த தொல்லை, வாய்ப்பாட்டைத் திருப்பிப் படிக்கும்போது தெரியும். சியு₂ஓ, சியுஓ என்று காப்பருக்கு இரண்டு ஆக்சைடுகள். கிரிஸ்-கிராஸைப் பின்னோக்கி ஓட்டினால் இரண்டிலும் காப்பரின் இணைதிறன் 1 என்றே வரும். இரண்டாவதில் அது 2. பிபிஓ₂-வில் காரீயத்துக்கு 2, ஆக்சிஜனுக்கு 1 என்று காட்டும். உண்மையில் 4-ம் 2-ம். எண் குறுக்கே போகும்போதே மின்சுமைக் குறி உதிர்ந்துவிடுகிறது, சுருக்கியதும் தடயமே இல்லை. வேதியியலாளர் ஆல்ஃப்ரெட் ஸ்டாக் 1919-இல் உலோகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணை எழுதச் சொன்னதன் பயன் இங்கேதான் புரிகிறது. திருப்பிப் படிக்க, உறுதியாகத் தெரிந்த எதிர் அயனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆக்சைடு இரண்டு என்றால் மொத்தம் 4 எதிர்மின்சுமை. அதை உலோக அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் உலோகத்தின் மின்சுமை.

எழுதும்போதே இந்த வம்பு வேண்டாம் என்றால் மீச்சிறு பொது மடங்கு இருக்கிறது. 3-க்கும் 2-க்கும் 6; அலுமினியம் 6÷3 = 2, ஆக்சைடு 6÷2 = 3. 4-க்கும் 2-க்கும் 4; காரீயம் 1, ஆக்சைடு 2. சுருக்கும் படியே வராது. மொத்த மின்சுமை எவ்வளவு என்பதும் கண்முன்னே நிற்கும். இதைவிட ஒரு நொடி வேகமாக இருக்கிறது என்பதற்காக கிரிஸ்-கிராஸைத் தூக்கிப் பிடிப்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரண்டே இரண்டு அயனி இருக்கும்வரைதான் குறுக்குக் கோடு. படிகாரத்தில் மூன்று: கேஏஎல்(எஸ்ஓ₄)₂·12எச்₂ஓ. பொட்டாசியம் 1, அலுமினியம் 3, ஆகமொத்தம் 4, சல்பேட் இரண்டு. கூட்டிப் பார்த்தால் நொடியில் வருகிறது, குறுக்கே இறக்க வழியே இல்லை. பிளஸ் டூ ஆய்வகத்துப் பழைய நண்பரான மோர் உப்பும் அப்படியே: இரண்டு அம்மோனியம், ஒரு பெர்ரஸ் (2 மின்சுமை உள்ள இரும்பு), இரண்டு சல்பேட், ஆறு நீர். இரும்பு ஆக்சைடான எஃப்இ₃ஓ₄-இல் இருப்பது ஒரே வகை இரும்பு என்று நினைத்தால் மின்சுமை 8-ஐ 3-ஆல் வகுக்க வேண்டிவரும். அதில் 2 மின்சுமை உள்ள இரும்பு ஒன்று, 3 உள்ளது இரண்டு.

படிகத்துக்குள்ளேயே சேர்ந்திருக்கும் படிக நீரைப் பற்றியும் இந்த முறைக்கு ஒன்றும் தெரியாது. மயில்துத்தத்தின் (நீல காப்பர் சல்பேட்) வாய்ப்பாடு சியுஎஸ்ஓ₄·5எச்₂ஓ. நிறையில் சுமார் 36 சதவீதம் நீர். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசல் 1 லிட்டருக்கு 24.97 கிராம் நீலப் படிகம் வேண்டும். நீரை மறந்துவிட்டு 15.96 கிராம் எடை போட்டால் கிடைப்பது ஏறத்தாழ 0.064 மோலார். டைட்ரேஷனில் (கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனையில்) முடிவு ஏன் ஒத்துவரவில்லை என்று பியூரெட் குழாயைத் திட்டிப் பயனில்லை. புட்டியின் லேபிளைப் பாருங்கள்.

இல்லாத சேர்மத்தையும் இது பவ்யமாக எழுதிக்கொடுக்கும். குப்ரிக் (2 மின்சுமை உள்ள காப்பர்) அயோடைடு கேட்டால் சியுஐ₂ தயார். காப்பர் சல்பேட் கரைசலில் பொட்டாசியம் அயோடைடை ஊற்றிப் பாருங்கள்: வெண்மையான குப்ரஸ் (1 மின்சுமை உள்ள காப்பர்) அயோடைடு வீழ்படிவும் பழுப்பு அயோடினும்தான் வரும்.

இந்த முறைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வேகத்தை அவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டுதானா என்றால், ஆமாம். 'சுருக்கு' என்ற வரியை எடுத்துவிட்டு, 'அடைப்புக்குறிக்கு வெளியே மட்டும் சுருக்கு' என்று சேர்த்து அச்சிட்டால் நான்கு போடுகிறேன்.