புது காரில் நான்கு வருடம்: தகரம் மெலிசு என்று இனி சொல்லமாட்டேன்

2004-இல் வாங்கிய காரை 17 வருடம் ஓட்டினேன். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்த வண்டி. ஏர்பேக் கிடையாது; பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. பின் சீட் பெல்ட்டோ சீட்டுக்கு அடியில் சொருகியே கிடந்தது. ஆனாலும் 'அந்தக் காலத்து இரும்பு' என்று முழுசாக நம்பியிருந்தேன். புது கார்களைப் பார்த்தால் 'தகரம் மெலிசு, இடித்தால் தாங்காது' என்பேன்.

2021-இல் புது கார் வாங்கினேன். மறு வருட மழையில், தக்கலை பக்கம் முன்னால் போன டெம்போ சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். ஏபிஎஸ் வேலை செய்து பெடல் காலுக்கடியில் தடதடத்தது, சக்கரம் வழுக்கவில்லை, ஆனாலும் இடித்துவிட்டேன். வேகம் குறைந்திருந்ததால் ஏர்பேக் விரியவில்லை. பானட் கூடாரம் மாதிரி மடிந்து நின்றது. கதவு நான்கும் எப்போதும்போல் திறந்தன. தோளில் பெல்ட் பதிந்த சிவப்புக் கோடு மட்டும் மிச்சம்.

"பழைய வண்டின்னா இப்படி மடங்காது அண்ணாச்சி" என்றார் மெக்கானிக். சரிதான். ஆனால் வண்டி மடங்காவிட்டால் அந்த அடி உள்ளே இருப்பவனுக்குத்தானே வரும்? முன்பகுதி மடிந்து அடியை வாங்க வேண்டும், நாம் உட்காரும் கூடு நசுங்கக் கூடாது.

அமெரிக்காவில் 2009-இல் ஒரு 1959 செவர்லே பெல் ஏர் காரையும் அதே கம்பெனியின் 2009 மாலிபு காரையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெரிய பழைய காரில் ஓட்டுநர் இருந்த இடமே நசுங்கிப்போனது. மாலிபுவின் கூடு குலையவில்லை.

அதற்காகப் புதியது எல்லாமே பத்திரம் என்று சொல்ல வரவில்லை. கார்களை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, 2014-இல் ஏர்பேக் இல்லாத 5 இந்திய கார்களை இதே வேகத்தில் சோதித்தபோது ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம்தான். ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில். இதே மாதிரி நட்சத்திரம் கொடுக்கும் நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப் வந்தது 2023 அக்டோபரில். பழைய கார் வாங்குபவர்கள் எந்த வருடத்து வண்டி, எத்தனை ஏர்பேக் என்று கட்டாயம் கேளுங்கள்.

பெல்ட் போடாதவருக்கு விரியும் ஏர்பேக்கே பலத்த காயத்தை உண்டாக்கலாம். பீப் சத்தத்தை நிறுத்தச் சொருகும் அந்தக் கிளிப்பை யார் காரில் பார்த்தாலும் எனக்கு மனசு பதறுகிறது. அம்மா முதலில் "மூச்சு முட்டுது மக்களே" என்றார்கள். இப்போது சுசீந்திரம் கோவிலுக்குப் போனாலும் பின் சீட்டில் அவர்கள் பெல்ட் மாட்டிய பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.

அப்புறம், ரிப்பேர். பம்பருக்குப் பின்னால் வளைந்திருந்த சட்டத்தைத் தட்டி நிமிர்த்தினால் செலவு பாதி என்றார்கள். ஒருமுறை மடிந்த இரும்பு அடுத்த அடியை அதே மாதிரி வாங்காது. புதுசே போடச் சொன்னேன்.