ஈரல் வாங்க இந்தக் கறிக்கடைதான்

அம்மாவுக்கு வைட்டமின் பி12 குறைவாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, மதுரை அனுப்பானடியில் உள்ள இந்தக் கறிக்கடையில்தான் ஈரல் வாங்குகிறோம். கறி விலைதான் ஈரலுக்கும்.

ஈரல் கேட்டால் பாய் முழு ஈரலையும் கட்டையில் கவிழ்த்துப் போடுவார். பித்தப்பை உடையாமல் அறுத்தெடுப்பார். அப்புறம் பித்தக்குழாயைக் கத்தி முனையால் கீறி, "புழு இல்ல, பாருங்கக்கா" என்று காட்டிவிட்டுத்தான் தராசில் வைப்பார். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்த ஈரலையே ஓரமாகத் தள்ளிவிடுவார். முன்பு வாங்கிக்கொண்டிருந்த வேறொரு கடையில் ஈரல் கேட்டால் பாதிக்கு நுரையீரலைப் போட்டுக் கட்டிவிடுவார்கள். பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஏனென்றால் சத்தில் அவ்வளவு வித்தியாசம். செம்மறி ஆட்டு ஈரல் 100 கிராமில் பி12 ஏறக்குறைய 90 மைக்ரோகிராம் இருக்கிறது. அதே ஆட்டின் கறியில் 2, 3 மைக்ரோகிராம்தான். நுரையீரலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 போதும் என்பதால் கறியே தினசரித் தேவைக்குக் காணும். ஆனால் அம்மாவைப் போல அரை இட்லி அளவுக்கு மேல் எதுவும் சாப்பிடாதவர்களுக்கு ரெண்டு துண்டு ஈரல் பெரிய உதவி. அவருக்கு ஊசியும் தொடர்கிறது, அதை நிறுத்தவில்லை.

தொடையா, சாப்ஸா, நெஞ்செலும்பா என்பதில் வைட்டமின் கணக்கு பெரிதாக மாறாது. ருசிக்கு ஏற்ப வாங்கலாம். பி வைட்டமின்கள் வேகவைத்த தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் நெஞ்செலும்பு வாங்கினால் சூப்பைக் கொட்டாமல் குடித்துவிட வேண்டும்.

என் தங்கை மாசமாக இருந்தபோது மட்டும் ஈரலைத் தவிர்த்தோம். 100 கிராமில் வைட்டமின் ஏ 7000 மைக்ரோகிராமை ஒட்டி வரும், உச்சவரம்போ நாளைக்கு 3000. வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது. அவளுக்குத் தொடைக்கறிதான் வாங்கிப் போனது.

இரும்புச்சத்துக்கு சுவரொட்டி (மண்ணீரல்) கேட்பவர்கள் முதல் நாளே சொல்லி வையுங்கள். ஆட்டுக்கு ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே தீர்ந்துவிடும். சொல்லி வைத்தால் பாய் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைப்பார்.

குறை என்றால், கறியைக் கறுப்பு கேரி பேக்கில்தான் கட்டுகிறார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள், முகம் சுளிக்காமல் அதில் போட்டுத் தருவார்.