எண்டோடாக்சின் சோதனை: நண்டு ரத்தக் கிட்டா, மறுசேர்க்கை ஃபேக்டர் சி-யா?

எண்டோடாக்சின் என்பது சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலிருந்து வரும், காய்ச்சல் உண்டாக்கும் நச்சு. ஊசிமருந்துக்கான தண்ணீரில் அதை மட்டும் சோதிக்கும் சிறு ஆய்வகத்துக்கு, கட்டியாக உறைவதை வைத்து முடிவு சொல்லும் ஜெல் கிளாட் எல்ஏஎல் கிட் (நண்டு ரத்தக் கிட்) இன்னமும் நம்பகமானதுதான். வாட்டர் பாத், வோர்டெக்ஸ் (குழாயைக் குலுக்கும் கருவி), 250 டிகிரியில் 30 நிமிடம் சுட்ட 10×75 மி.மீ. கண்ணாடிக் குழாய்கள் இருந்தால் போதும்; ஒளியை அளக்கும் ரீடர் வேண்டாம்.

ஆனால் குப்பியில் இருப்பது ஒற்றை நொதி அல்ல. அட்லாண்டிக் குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களை உடைத்தெடுத்த சாறு (லைசேட்) அது. எண்டோடாக்சினை உணரும் புரதமான ஃபேக்டர் சி, அதோடு ஃபேக்டர் பி, ஜி, உறையும் புரதமான கோயகுலோஜென் என்று அந்த உயிரின் நோயெதிர்ப்பு வரிசையே உள்ளே இருக்கிறது. பல நண்டுகளின் ரத்தம் கலப்பதால் பேட்சுக்குப் பேட்ச் வீரியம் மாறும். புது பேட்ச் வந்ததும் லேபிளில் உள்ள லாம்டாவின் (கிட் கண்டுபிடிக்கும் குறைந்தபட்ச எண்டோடாக்சின் அளவு) இரு மடங்கு, அதே அளவு, பாதி, கால் ஆகிய எண்டோடாக்சின் செறிவுகளில் நான்கு நான்கு குழாய் ஓட்டுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கட்டி உறைந்த கடைசிச் செறிவுகளின் பெருக்குச் சராசரி, லாம்டாவின் பாதிக்கும் இரு மடங்குக்கும் இடையே வர வேண்டும்.

சோதனை எளிது: 0.1 மி.லி. மாதிரி, 0.1 மி.லி. லைசேட், 37 டிகிரி, 60 நிமிடம். குழாயை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்தால் கட்டி வழியாமல் நிற்க வேண்டும். நடுவில் குழாயைத் தொட்டால் கட்டி உடைந்துவிடும், மறுபடி சேராது; எண்டோடாக்சின் இருந்தும் இல்லை என்றே காட்டும். வாங்கும்போது லாம்டா 0.03 கேளுங்கள். தண்ணீரின் வரம்பு மி.லி.க்கு 0.25 எண்டோடாக்சின் அலகு என்பதால் 8 மடங்கு வரை நீர்க்க இடம் கிடைக்கும், 0.125 கிட்டில் 2 மடங்குதான்.

பெரிய குறை ஃபேக்டர் ஜி. செல்லுலோஸ் ஃபில்டரிலிருந்து கசியும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிக்கும் அது உறைந்துவிடும். குளுக்கானைத் தடுக்கும் பஃபர் சேர்த்தே ஓட்டுங்கள். ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) உள்ள மாதிரியில் சிக்கல் நேர்மாறானது: உறைதல் தடைபடும். லாம்டாவின் இரு மடங்கு எண்டோடாக்சினை மாதிரியிலேயே கலந்த பாசிட்டிவ் கன்ட்ரோல் குழாய் இல்லாமல் எந்த நெகட்டிவையும் ஏற்காதீர்கள்.

சிங்கப்பூரில் சதுப்புநில லாட நண்டின் மரபணுவை நகலெடுத்து உருவாக்கியதுதான் மறுசேர்க்கை ஃபேக்டர் சி. ஒரே மரபணு, ஒரே புரதம். ஃபேக்டர் ஜி இல்லாததால் குளுக்கான் தொல்லையும் இல்லை. நண்டைப் பிடித்து ரத்தம் எடுக்க வேண்டாம். கடலில் திரும்ப விட்ட பிறகும் அவற்றில் ஒரு பகுதி இறப்பதை நினைத்தால் இது சிறிய விஷயமல்ல. இதற்கு 380 நானோமீட்டரில் தூண்டி 440-இல் ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரசன்ஸ் ரீடர் அவசியம். தினமும் நிறைய மாதிரி வரும் இடத்துக்கு அந்தச் செலவு தகும். ஐரோப்பிய மருந்துத் தர நூல் (ஃபார்மகோபியா) 2021 முதலும், அமெரிக்க நூல் 2025 மே முதலும் இம்முறையை ஏற்கின்றன. ஆனாலும் மாறுவதற்கு முன், உங்கள் ஒவ்வொரு தயாரிப்பிலும் எண்டோடாக்சின் கலந்து, கலந்த அளவில் 50 முதல் 200 சதவீதம் வரை சோதனையில் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.