சாரலா, சீனியரா, கல்மனமா?

மருத்துவ மாணவரின் தேர்வு பயத்துக்கு ஓர் அட்டவணை போதும். பேத்தாலஜிக்கு எந்த நாள், பார்மகாலஜிக்கு எந்த நாள் என்று பிரித்துவிட்டால் பாதி கலக்கம் அடங்கிவிடும். வார்டு தரும் அழுத்தம் அப்படியல்ல. அம்பாசமுத்திரத்து வயலில் பாம்பு கடித்து வந்தவரின் கட்டில் மறுநாள் காலையில் காலியாக இருந்தால் எந்த அட்டவணை உதவும்? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு அப்போது மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, மனத்தை இறுக்கிக்கொள்வது. நோயாளிக்குப் பெயர் போய், கட்டில் எண் மட்டும் மிஞ்சும். உடனடிப் பலன் இதில்தான் அதிகம். ரத்தம் எடுக்கும்போது கை நடுங்காது. ஆனால் விலை பெரிது. அமெரிக்காவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், பரிவு சரிந்தது மூன்றாம் ஆண்டில். நோயாளிகளோடு நெருங்கிப் பழகும் ஆண்டே அதுதான்! நாங்குநேரி ஆச்சி ‘எய்யா’ என்று கூப்பிடும்போது நிற்காமல் போகப் பழகியவருக்கு, அவர் ரகசியமாகச் சாப்பிடும் நாட்டுமருந்தைப் பற்றி ஒருநாளும் தெரியப்போவதில்லை. நோயைக் கண்டுபிடிக்கவும் பரிவு வேண்டும்.

அடுத்தது குற்றாலம். அருவிக்கடியில் நின்றால் உடம்பு லேசாகும், மறுக்கவில்லை. திங்கட்கிழமை அதே வார்டு காத்திருக்கும். சாரல் காலமும் ஆண்டுக்குச் சில மாதங்கள்தான்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: பணி முடிந்ததும் டீக்கடையில் சீனியர் அண்ணனிடமோ அக்காவிடமோ நடந்ததைச் சொல்லிவிடுவது. ‘இதற்கெல்லாமா அழுவாய்?’ என்று கேட்கும் சீனியர்களும் உண்டு. ஆள் பார்த்துத்தான் பேச வேண்டும். நல்ல சீனியர் ஒரு வேறுபாட்டைப் புரியவைப்பார். நோயாளியின் வலியைத் தானே சுமப்பவர் சீக்கிரம் ஓய்ந்துபோவார். நோயாளியின் இடத்திலிருந்து பார்க்கத் தெரிந்தவர், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பார். நோயாளியிடம் பேசும் முறையும் மருத்துவ அறமும் 2019 முதல் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் நேற்றிரவு நடந்ததை வகுப்பில் எழுந்து யார் சொல்வார்கள்?

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் சீனியரும் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சொந்தக் கல்லூரி மனநலப் பிரிவில் தெரிந்த முகங்கள் இருக்குமே என்று தயங்குபவர்கள், முதலில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.