பழவேற்காடு ஏரி வகுப்புக்கு கோபர்னிகஸ் பிரவுசர் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவசச் செயற்கைக்கோள் படத் தளம் இது. பழவேற்காடு முதல் தடா, சூளூர்ப்பேட்டை வரை எந்தப் பள்ளியிலும் எட்டாம் வகுப்புக்கு மேல் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பாடத்தைத் திரையில் தொடங்காதீர்கள், மைதானத்தில் தொடங்குங்கள்.

இந்தத் தளத்தில் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதைக் கயிறு கட்டித் தரையில் போடச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் 10 மீட்டர் இருந்தால் மட்டும் சதுரமாகாது. மூலைவிட்டம் இரண்டும் 14.14 மீட்டர் வர வேண்டும். நைலான் கயிறு இழுத்தால் நீளும், டேப்பால் அளப்பதே சரி. உள்ளே புல் எவ்வளவு, மணல் எவ்வளவு, தகரக் கூரை எவ்வளவு என்று பிள்ளைகள் கணக்கெடுக்கட்டும். அத்தனையும் கலந்து ஒரே நிறமாக வரும் என்பது அப்போதுதான் பிடிபடும். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் என்பதால் அதே சதுரத்தைப் படத்தில் தேட வேண்டாம்.

அடுத்து ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிடும் வசதியில் போடுங்கள். ஆந்திரப் பக்கம் ஏரி வற்றி வெளுப்பது பளிச்சென்று தெரியும். நீரை மட்டும் பிரிக்க என்டிடபிள்யூஐ குறியீடு இருக்கிறது: பச்சை அலைவரிசை பி03-லிருந்து அகச்சிவப்பு பி08-ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. இங்கேதான் சிக்கல். ஆழமில்லாத சேற்றுநீர் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் தண்ணீரே தரையாகத் தெரியும். நாமே சூத்திரம் எழுதும் கஸ்டம் பகுதியில் பி08-க்குப் பதில் குறுஅலை அகச்சிவப்பான பி11-ஐ வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிக்சல் மட்டும் 20 மீட்டராகும்.

முகத்துவாரம் குறுகிப்போன நாளில் படம் அடைபட்டதாகவே காட்டலாம். மீனவர் வீட்டுப் பிள்ளை 'இல்ல சார், தண்ணி ஓடுது' என்றால் அவன் பேச்சையே நம்புங்கள்.

படத்தோடு காட்டப்படும் மேக அளவு சதவீதம், பக்கத்துக்குச் சுமார் 110 கிலோமீட்டர் உள்ள சதுரம் முழுவதற்கும் சேர்த்துப் போடப்படுவது. 40 என்று இருந்தாலும் ஏரி மேல் வானம் தெளிவாக இருக்கக்கூடும், திறந்து பார்த்து முடிவெடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். படத்தின் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் காலை பத்தரையை ஒட்டி வரும்.

தமிழ் கிடையாது. போனில் வேலை செய்வது சிரமம். ஒரு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வேண்டும். படம் சில நாள் இடைவெளியில்தான் வரும் என்பதால், புயல் நாள் வகுப்புக்கு நாசாவின் வேர்ல்ட்வியூதான் சரி. அங்கே தினமும் படம் உண்டு, ஆனால் பிக்சல் 250 மீட்டர்.